முதல் உலகப் போர் முடிந்து 9 மாதங்களுக்குப் பிறகு, போர்க்களத்தில் உயிர்விட்ட 22 வயது இளைஞர்! வேல்ஸில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சாம் பியர்ஸின் கதை

1918 நவம்பர் 11, காலை 11 மணி. நான்கு ஆண்டுகளாக ஐரோப்பாவை உலுக்கிய துப்பாக்கிகள் ஓய்ந்தன. லண்டன் தெருக்களில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையைப் போருக்கு அனுப்பிய ஒவ்வொரு தாயும், 'என் மகன் எப்போது வீடு திரும்புவான்?' என்று நாள்களை எண்ணத் தொடங்கினார்.

அப்படித் திரும்பி வந்திருக்க வேண்டியவர்களில் ஒருவர்தான் சாமுவேல் ஜார்ஜ் பியர்ஸ். நண்பர்களுக்கு சாம். கலிபோலியைப் பார்த்தவர். பிரான்ஸின் சேற்றுப் பள்ளங்களில் கிடந்தவர். வீரப் பதக்கமும் வாங்கியவர். அத்தனையிலும் பிழைத்துவிட்டார். 1919 ஜூனில் காதலித்த பெண்ணையும் கைப்பிடித்தார். கப்பலேறி ஊர் போய்ச் சேரவேண்டியதுதான் பாக்கி.

ஆனால், சாம் ஏறியது வேறு கப்பல். அது போன திசையும் வேறு. திருமணமான மூன்றே மாதங்களில், வட ரஷ்யக் காட்டில், ஒரு முள்கம்பி வேலிக்கு அப்பால் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 22.

நம் வீடுகளில் கல்லூரி முடித்துவிட்டு, 'அடுத்து என்ன செய்யலாம்?' என்று யோசிக்கும் வயது அது. அந்த வயதுக்குள் மூன்று கண்டங்களைப் பார்த்து, இரண்டு போர்களில் சண்டை போட்டு, ஒரு பேரரசின் மிக உயர்ந்த வீர விருதுக்கும் உரியவராகிவிட்ட அந்த இளைஞரின் கதை இதோ...

துறைமுக ஊரில் பிறந்த பிள்ளை

சாம் பிறந்தது 1897 ஜூலை 16. ஊர், வேல்ஸ் நாட்டின் பெனார்த். கார்டிஃப் நகரத்தை ஒட்டிய கடலோர ஊர். தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் வெட்டியெடுத்த நிலக்கரி, ரயிலில் வந்து இறங்கி, இந்தக் கரையோரத் துறைமுகங்களிலிருந்துதான் உலகமெங்கும் போனது. உலகத்தின் பாதிக் கப்பல்களை வேல்ஸ் கரிதான் ஓட்டியது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம்.

அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சாம் பிறப்பதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பு, 1897 மே 13 அன்று, மார்க்கோனி என்ற இத்தாலிய இளைஞர் பெனார்த்துக்குப் பக்கத்திலுள்ள லேவர்னாக் முனையில் ஒரு கம்பத்தை நட்டுக்கொண்டு காத்திருந்தார். எதிரேயுள்ள ஃபிளாட் ஹோம் தீவிலிருந்து, கம்பியே இல்லாமல், திறந்த கடலைத் தாண்டி ஒரு செய்தி வந்து சேர்ந்தது. கடலைக் கடந்த முதல் வயர்லெஸ் செய்தி அதுதான். இன்று நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் போனுக்கு, ஒருவகையில் அந்தக் கடற்கரைதான் பூர்விகம்!

கப்பல்கள் வந்து போகும் ஊர்களில், புறப்பட்டுப் போவது என்பது வாழ்க்கையின் ஒரு பகுதி. வேல்ஸ் மக்களும் அப்படித்தான் பரவினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1865-ல் 'மிமோசா' என்ற கப்பலில் ஏறி, தென் அமெரிக்காவின் படகோனியாவில் போய்க் குடியேறினார்கள். வேலையும் நிலமும் எங்கே கிடைக்குமோ, அங்கே.

சாமின் குடும்பம் தேர்ந்தெடுத்தது ஆஸ்திரேலியா. அப்போது அவருக்கு 14 வயது வாக்கில் இருக்கும்.

கடலிலிருந்து திராட்சைத் தோட்டத்துக்கு

பெனார்த்தில் மழையும் கடல் காற்றும் அன்றாடம். குடும்பம் போய்ச் சேர்ந்த இடமோ நேரெதிர். விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மில்துரா நகரத்துக்குப் பக்கத்தில் கூர்லாங் என்ற சிற்றூர். சிவந்த மண். கொளுத்தும் வெயில். மழை என்பதே அபூர்வம்.

அந்த வறண்ட பூமியைத் தோட்டமாக்கியவர்கள், கனடாவிலிருந்து வந்த சாஃபி சகோதரர்கள். 1887-ல் தொடங்கி, மர்ரே ஆற்றுத் தண்ணீரை பம்ப் வைத்து ஏற்றி, கால்வாய் வெட்டி, அங்கே ஒரு பாசனக் குடியேற்றத்தையே உருவாக்கினார்கள். வெயிலே அங்கு வரமாகிவிட்டது. திராட்சையைப் பறித்து அங்கேயே உலர்த்தி, உலர்திராட்சையாக உலகச் சந்தைக்கு அனுப்பினார்கள். மில்துராவின் அடையாளம் இன்றைக்கும் அதுதான்.

கடலோரத்தில் வளர்ந்த பையன், இந்த மண்ணில் கைக்குக் கிடைத்த உழைப்பு வேலைகளைச் செய்து வளர்ந்தான். நாலே வருடம்தான். அதற்குள் போர் வந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவுக்கும் இந்தப் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அன்று அது பிரிட்டிஷ் பேரரசின் அங்கம். பிரிட்டன் போர் என்றால், ஆஸ்திரேலியாவும் போர். போர்த் தொடக்கத்தில் ஆஸ்திரேலியக் கடற்படை செய்த ஒரு காரியம் நமக்கும் தெரிந்ததுதான். 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்துவிட்டு மாயமானதே 'எம்டன்' கப்பல்... இன்றைக்கும் எமகாதகனைப் பார்த்தால் 'சரியான எம்டன்' என்கிறோமே... அந்தக் கப்பலை அதே வருடம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே மடக்கிச் சிதைத்தது ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல்தான்.

கட்டாயம் இல்லை... ஆனாலும் போனார்கள்!

1915 ஜூலையில் சாம் ராணுவத்தில் பெயர் கொடுத்தார். அவருடைய 18-வது பிறந்தநாள் வந்த அதே மாதம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா தன் மக்களைக் கட்டாயப்படுத்தி வெளிநாட்டுப் போர்க்களங்களுக்கு அனுப்பவில்லை. கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவர 1916-லும் 1917-லும் இரண்டு முறை மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு முறையும் மக்கள், 'கூடாது' என்று சொல்லிவிட்டார்கள். மொத்த மக்கள்தொகையே 50 லட்சத்தைத் தொடாத நாடு அது. அதிலிருந்து நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் தாமாகவே பெயர் கொடுத்தார்கள். 60,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை.

ஏன் போனார்கள்? தாய்நாட்டுப் பற்று ஒரு காரணம். உலகத்தைப் பார்க்கும் ஆசை இன்னொன்று. சம்பளமும் உண்டு. ஆஸ்திரேலிய சிப்பாய்க்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங். போர்த் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கிடைத்தது சுமார் ஒரு ஷில்லிங்தான். 'நாளைக்கு ஆறு ஷில்லிங் வாங்கும் சுற்றுலாப் பயணிகள்' என்று ஆஸ்திரேலிய வீரர்களைக் கிண்டல் செய்யும் வழக்கமே இருந்தது.

சாமைப் போன்றவர்களுக்கு இன்னொரு கோணமும் உண்டு. பிறந்த நாட்டைவிட்டு வந்து சில வருடங்களே ஆனவர்கள், 'பழைய வீட்டுக்கு' ஆபத்து என்றதும் புது நாட்டின் சீருடையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஆஸ்திரேலியப் படையில் பிரிட்டனில் பிறந்தவர்கள் கணிசமாக இருந்தார்கள்.

தண்ணீர் சொட்டினால் வெடிக்கும் துப்பாக்கி

சாம் சேர்க்கப்பட்டது ஆஸ்திரேலியாவின் 7-வது பெட்டாலியனில். அந்த பெட்டாலியனுக்கு அப்போது பெரிய பெயர். 1915 ஆகஸ்டில் கலிபோலியின் லோன் பைன் சண்டையில், அதன் வீரர்கள் நான்கு பேருக்கு பிரிட்டிஷ் பேரரசின் உச்ச வீர விருதான 'விக்டோரியா கிராஸ்' கிடைத்திருந்தது.

டிசம்பர் வாக்கில் சாம் போய்ச் சேர்ந்தபோது, கலிபோலியில் ஆட்டம் முடியப்போகிற நேரம். துருக்கியர்களை வெல்ல முடியவில்லை. படைகளைச் சத்தமில்லாமல் திரும்பப் பெறுவது என்று முடிவாகிவிட்டது. பிரச்னை என்னவென்றால், பதுங்குகுழிகள் காலியாவது எதிரிக்குத் தெரிந்தால், கரையில் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் ஆபத்து.

அப்போது 7-வது பெட்டாலியனின் வில்லியம் ஸ்கர்ரி என்ற வீரர் ஒரு யோசனை செய்தார். மேலே ஒரு தகர டின், அதில் தண்ணீர். அடியில் சிறு ஓட்டை. கீழே இன்னொரு டின், துப்பாக்கி விசையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். மேல் டின்னிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கீழ் டின் நிறைந்ததும், எடை தாங்காமல் விசை இழுபடும், துப்பாக்கி வெடிக்கும். ஆள் போய் அரை மணி நேரம் ஆனாலும் துப்பாக்கி மட்டும் 'நான் இருக்கிறேன்' என்று சுட்டுக்கொண்டிருக்கும்!

டிசம்பர் 20 அதிகாலையில் கடைசி ஆள்களும் கரையைவிட்டுக் கிளம்பினார்கள். பல்லாயிரம் பேர் வெளியேறியதில் உயிரிழப்பு கிட்டத்தட்ட இல்லை. கலிபோலியில் உருப்படியாக நடந்த ஒரே காரியம், அதைவிட்டு வெளியேறியதுதான் என்று சொல்பவர்கள் உண்டு.

பிரான்ஸ் கொடுத்த பாடம்

எகிப்து வழியாக 1916-ல் பிரான்ஸ் போனது சாமின் படை. ஜூலை 23 அன்று போசியர் என்ற கிராமத்தைப் பிடிக்க ஆஸ்திரேலியப் படைகள் இறங்கின. பிடித்தும்விட்டார்கள். ஆனால், அதைத் தக்கவைத்து முன்னேறக் கொடுத்த விலை? அந்தப் பகுதியில் மட்டும், ஆறு வாரங்களுக்குள் சுமார் 23,000 ஆஸ்திரேலியர்கள் இறந்தோ காயம்பட்டோ போனார்கள். பீரங்கிக் குண்டுகள் விழுந்து விழுந்து, ஊர் இருந்த இடத்தில் வெறும் புழுதியும் பள்ளமும்தான் மிஞ்சின.

அந்த ஆண்டே சாம் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அந்தக் காலத்து விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 500 தோட்டாக்களை உமிழும். குழல் சூடாகாமலிருக்கச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். ஒருவர் சுட, ஒருவர் தோட்டாப் பட்டையை ஊட்ட, மற்றவர்கள் தண்ணீரும் தோட்டாவும் சுமக்க... அது ஒரு குழுவாகச் செய்யும் வேலை. எதிரி முதலில் குறிவைப்பதும் அந்தக் குழுவைத்தான்.

1917 செப்டம்பரில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குக் கிழக்கே நடந்த சண்டையில் காட்டிய துணிச்சலுக்காக சாமுக்கு 'மிலிட்டரி மெடல்' கிடைத்தது. அப்போது அவருக்கு 20 வயது.

அதே வருடம் நவம்பர் 20 அன்று, பிரான்ஸின் காம்ப்ரே போர்க்களத்தில் இன்னொரு பெனார்த் பிள்ளை உயிரிழந்தார். பெயர் ரிச்சர்ட் வெய்ன். டாங்கிப் படை அதிகாரி. சாமைவிட ஏழு மாதம்தான் மூத்தவர். டாங்கி சிதைந்து, உடலெங்கும் காயத்தோடு, எதிரியின் நிலையை நோக்கி ஓடிச் சுட்டு, அதைப் பிடிக்க வழிசெய்துவிட்டு இறந்தார். அவருக்கும் விக்டோரியா கிராஸ். உடல் கிடைக்கவே இல்லை. ஒரே சிறிய ஊரில் ஏழு மாத இடைவெளியில் பிறந்த இரண்டு பிள்ளைகள், இருவரும் அந்த உச்ச விருதைப் பெறப்போகிறார்கள், இருவருமே அதை வாங்க உயிரோடு இருக்கப்போவதில்லை என்று யாருக்குத் தெரியும்?

போர் முடிந்தது... கப்பல் இல்லை!

1918 நவம்பரில் போர் முடிந்தது. ஆனால், வீரர்கள் உடனே ஊர் திரும்பிவிடவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஆஸ்திரேலியர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். அத்தனை பேரையும் பூமியின் மறுபக்கத்துக்கு ஏற்றிச்செல்லக் கப்பல் வேண்டுமே? தளபதி ஜான் மோனாஷ் இந்தப் பொறுப்பை ஏற்று, படிப்படியாக அனுப்பிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் காத்திருப்பு.

காத்திருந்த நாள்களில் சிலர் தொழில் கற்றார்கள். சிலர் ஊர் சுற்றினார்கள். சிலர் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாமும் செய்துகொண்டார். மணப்பெண் கேத்தரின், ராணுவத்தின் பெண்கள் துணைப்படையில் பணியாற்றியவர். 1919 ஜூன் மாதம் இங்கிலாந்தின் டர்ஹாமில் திருமணம் நடந்தது.

இதே நேரத்தில்தான் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. 'வட ரஷ்யாவுக்குப் போக அனுபவமுள்ள வீரர்கள் தேவை.'

ரஷ்யாவில் பிரிட்டனுக்கு என்ன வேலை?

இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். போரில் ரஷ்யா, பிரிட்டனின் கூட்டாளி. 1917-ல் அங்கே புரட்சி. லெனினின் போல்ஷ்விக்குகள் ஆட்சியைப் பிடித்தார்கள். 1918 மார்ச்சில் ஜெர்மனியோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டார்கள். ஆனால், ரஷ்யாவுக்கு உதவியாக நேச நாடுகள் அனுப்பியிருந்த ஆயுதங்களும் பொருள்களும் வடக்குத் துறைமுகங்களான ஆர்க்கேஞ்சலிலும் மர்மான்ஸ்கிலும் மலைபோல் குவிந்து கிடந்தன. அவை ஜெர்மனியின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதே படை அனுப்பச் சொன்ன முதல் காரணம். 1918 ஆகஸ்டில் ஆர்க்கேஞ்சலில் நேச நாட்டுப் படைகள் இறங்கின.

மூன்று மாதத்தில் ஜெர்மனியே சரணடைந்துவிட்டது. முதலில் சொன்ன காரணம் காணாமல் போனது. ஆனால் படைகள் மட்டும் அங்கேயே இருந்தன. பனியில் கடல் உறைந்து, வெளியேறவும் வழியில்லை. காலப்போக்கில் அது, போல்ஷ்விக்குகளை எதிர்த்த 'வெள்ளை' ரஷ்யர்களுக்குத் துணை நிற்கும் போராக மாறிவிட்டது.

பிரிட்டனில் அப்போதைய போர்த்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். போல்ஷ்விக்குகளை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்று துடித்தவர். பிரதமர் லாய்டு ஜார்ஜுக்கோ அதில் பெரிய ஆர்வமில்லை. மக்களும் போரில் களைத்துப்போயிருந்தார்கள். இன்னொரு விந்தை... அந்த லாய்டு ஜார்ஜ், வேல்ஸில் வளர்ந்து வேல்ஸ் மொழி பேசியவர். ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸும் வேல்ஸ் பெற்றோருக்குப் பிறந்து, இளம் வயதில் கப்பலேறி ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். சாம் போர்வீரராக இருந்த கடைசி இரண்டரை வருடங்களில், அவர் பிறந்த நாட்டையும் வளர்ந்த நாட்டையும் ஆண்டது வேல்ஸ் வம்சாவளியினரே.

கடைசியில், ஏற்கெனவே அங்கே மாட்டிக்கொண்ட படைகளை மீட்டுக்கொண்டுவர சுமார் 8,000 பேர் கொண்ட 'வட ரஷ்ய மீட்புப் படை' திரட்டப்பட்டது. ஆஸ்திரேலிய அரசு இதில் அதிகாரபூர்வமாகக் கலந்துகொள்ளவில்லை. எனவே, போக விரும்பும் ஆஸ்திரேலியர்கள் தங்கள் ராணுவத்திலிருந்து விலகி, பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்கள் நூறு முதல் நூற்றைம்பது பேர். பலர் தங்கள் ஆஸ்திரேலியச் சீருடையையும், ஒரு பக்கம் மடித்த அந்தத் தொப்பியையும் மட்டும் விடவில்லை.

சாம், ராயல் ஃபியூசிலியர்ஸ் படையின் 45-வது பெட்டாலியனில் சார்ஜென்ட் ஆனார்.

பதினெட்டு வயதில் துப்பாக்கி பிடித்த ஓர் இளைஞனுக்கு, சண்டை இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதே மறந்திருக்கலாம். 'மீட்கப் போகிறோம்' என்ற சொல்லும் இழுத்திருக்கலாம். எதுவானாலும், புது மனைவியை விட்டுவிட்டு அவர் கிளம்பினார்.

இரவே இல்லாத காட்டில்...

1919 கோடையில் மீட்புப் படை ஆர்க்கேஞ்சலில் இறங்கியது. பனிப்பிரதேசம் என்று நினைத்துப் போனவர்களை வரவேற்றது கொசுக்கூட்டம். கோடையில் அங்கே சூரியன் மறைந்தும் மறையாத வெளிச்சம். எங்கு பார்த்தாலும் ஊசியிலைக் காடு. காடு இல்லாத இடத்தில் சதுப்பு நிலம். போகவரப் பாதை என்றால் த்வினா ஆறு, அதைவிட்டால் தெற்கே வோலோக்டாவுக்குப் போகும் ரயில் பாதை. சண்டை முழுக்க இந்த இரண்டு கோடுகளின் மேல்தான். ரயில் பாதையில் கவச ரயில்கள் ஓடின. இரு தரப்பும் காட்டுக்குள் முள்கம்பி வேலி போட்டு, மரக்கட்டைகளை அடுக்கிக் காவல் அரண்கள் கட்டியிருந்தார்கள்.

யாரை நம்புவது என்பதே அங்கே பெரிய கேள்வி. 1919 ஜூலையில், பிரிட்டிஷார் பயிற்சி கொடுத்த ரஷ்ய பெட்டாலியன் ஒன்றின் வீரர்கள், நள்ளிரவில் தங்கள் அதிகாரிகளையே சுட்டுக் கொன்றுவிட்டு எதிர்த்தரப்புக்குப் போனார்கள். 'இனி இங்கே இருப்பதில் அர்த்தமில்லை' என்பது லண்டனுக்கும் புரிந்துவிட்டது. வெளியேறுவது உறுதியானது. ஆனால், முதுகைக் காட்டிக்கொண்டு போனால் துரத்தி அடிப்பார்கள். அதனால், போவதற்கு முன் பலமாக ஓர் அடி கொடுத்துவிட்டுப் போகலாம் என்று திட்டமிட்டார்கள்.

முதல் அடி ஆகஸ்ட் 10-ல், த்வினா ஆற்றுப் பக்கம். திரும்பி வரும் வழியில், ஷெய்க்கா ஆற்றை ஒற்றைப் பலகையில் கடந்தபோது, எதிரியின் தோட்டா மழைக்கிடையே ஓர் அதிகாரியும் மூன்று வீரர்களும் ஆழமான சதுப்பில் விழுந்தார்கள். சாமின் பெட்டாலியனைச் சேர்ந்த ஆர்தர் சல்லிவன் என்ற ஆஸ்திரேலியர் குதித்து, நான்கு பேரையும் ஒவ்வொருவராகக் கரையேற்றினார். அவருக்கு விக்டோரியா கிராஸ்.

அடுத்த அடி, ரயில் பாதைப் பக்கம். எம்ட்சா என்ற ஊருக்கு அருகில்.

அந்த ஒரு நிமிடம்

1919 ஆகஸ்ட் 29. எம்ட்சாவுக்கு வடக்கே எதிரியின் பீரங்கி நிலை. அதைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலியைத் தாண்டினால்தான் உள்ளே போக முடியும். வேலிக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு நொடியும் இயந்திரத் துப்பாக்கிக்கு இலக்கு.

சார்ஜென்ட் சாம் பியர்ஸ் கம்பிகளை வெட்டத் தொடங்கினார். இயந்திரத் துப்பாக்கிகளும் ரைஃபிள்களும் சீறிக்கொண்டிருக்க, வெட்டி வெட்டி வழி உண்டாக்கினார். பின்னால் வந்தவர்கள் அந்த வழியாக உள்ளே நுழைந்தார்கள்.

ஆனால், பக்கத்திலிருந்த ஒரு காவல் அரணிலிருந்து பாய்ந்த தோட்டாக்கள் ஆள்களைச் சாய்த்துக்கொண்டிருந்தன. இயந்திரத் துப்பாக்கிக்காரராக மூன்று வருடம் இருந்தவருக்கு, அதை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம் தனியாளாக அந்த அரணை நோக்கி ஓடினார். கையெறி குண்டுகளை உள்ளே வீசினார். அரண் அடங்கியது.

அடுத்த ஒரே நிமிடத்தில் சாம் இறந்தார்.

'ஒரு நிமிடம்' என்பது நான் சேர்த்த சினிமாத்தனம் இல்லை. விருது அறிவிப்பிலேயே அப்படித்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவு குறைந்த இழப்போடு அந்த நிலையைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம் அவர்தான் என்றும் அதில் பதிவாகியிருக்கிறது.

அதே கையெறி குண்டுகளால், அந்த அரணுக்குள்ளிருந்த ரஷ்யர்களும் இறந்தார்கள். அவர்களுக்கும் எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு வீடு இருந்திருக்கும். அவர்கள் பெயர் எந்த விருது அறிவிப்பிலும் இல்லை.

29 நாள்கள்

சாம் இறந்து சரியாக 29-வது நாள், செப்டம்பர் 27 அன்று, கடைசி பிரிட்டிஷ் படைகள் ஆர்க்கேஞ்சலைவிட்டுக் கப்பலேறின. அக்டோபரில் மர்மான்ஸ்கும் காலியானது. 1920 பிப்ரவரியில் போல்ஷ்விக்குகள் ஆர்க்கேஞ்சலுக்குள் நுழைந்தார்கள். எந்த இடத்துக்காகச் சண்டை நடந்ததோ, அது ஆறே மாதத்தில் கைமாறிவிட்டது.

1919 அக்டோபரில் சாமுக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. ரஷ்யப் போர்முனைக்காக அந்த விருதைப் பெற்ற ஆஸ்திரேலியப் படைவீரர்கள் இருவர்தான். சல்லிவன், பியர்ஸ். முன்னவர் ஊர் திரும்பினார். விழாவுக்கெல்லாம் கூச்சப்படுபவர் என்பதால் 'கூச்ச சுபாவ வி.சி.' என்றே பெயர் வாங்கினார்.

விக்டோரியா கிராஸ் தங்கமோ வெள்ளியோ அல்ல, வெறும் வெண்கலம். 1850-களின் கிரிமியப் போரில் ரஷ்யர்களிடம் கைப்பற்றிய பீரங்கியை உருக்கிச் செய்தது என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. ரஷ்ய மண்ணில் விழுந்த சாமுக்காக அந்தப் பதக்கத்தை வாங்க பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போனவர் அவர் மனைவி கேத்தரின். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவர் கையில் பதக்கத்தைக் கொடுத்தார்.

சாமுக்கு ஒரு மகள் பிறந்தாள். அப்பா இறந்த பிறகு பிறந்தவள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

ஊர் திரும்பியிருந்தால்?

சாம் அந்த மீட்புப் படையில் சேராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்குக் கற்பனை தேவையில்லை. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு நிலம் கொடுக்கும் திட்டத்தை ஆஸ்திரேலியா செயல்படுத்தியது. 1920-களில் அதன் மிகப் பெரிய குடியேற்றங்களில் ஒன்று உருவானது எங்கே தெரியுமா? சாமின் வீடிருந்த அதே மில்துராவுக்குப் பக்கத்தில், ரெட் கிளிஃப்ஸ் என்ற இடத்தில். நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள் புதர்க்காட்டைத் திருத்தி, ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து, திராட்சைக் கொடி நட்டார்கள். கஷ்டப்பட்டார்கள், கடன்பட்டார்கள், பிள்ளை குட்டி பெற்றார்கள், கிழவர்கள் ஆனார்கள். அந்த வரிசையில் ஒரு தோட்டம் சாமுக்கும் கிடைத்திருக்கலாம். மாலையில் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, வாசலில் ஒரு சிறுமி காத்திருந்திருக்கலாம்.

போர்களின் கடைசி மரணங்களை உலகம் கொஞ்சம் கூடுதலாக நினைவில் வைத்துக்கொள்ளும். 1918 நவம்பர் 11 அன்று, போர் ஓய இரண்டே நிமிடம் இருக்கும்போது இறந்த கனடா வீரர் ஜார்ஜ் லாரன்ஸ் பிரைஸின் கல்லறைக்கு இன்றும் மக்கள் போகிறார்கள். ஆனால், போர் ஓய்ந்த பிறகும் இறந்துகொண்டிருந்தவர்களை? அவர்களுக்காக எந்த மணியும் அடிக்கவில்லை. அவர்கள் சண்டையிட்ட போருக்கே பலருக்குப் பெயர் தெரியாது.

சாம் புதைக்கப்பட்டது ரயில் பாதையோரம் ஒபோசெர்ஸ்காயா என்ற இடத்தில். ஆர்க்கேஞ்சலில் உள்ள நேச நாட்டு வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. பிறந்த பெனார்த்திலிருந்தும், வளர்ந்த மில்துராவிலிருந்தும் வெகு தொலைவில்.

பிரிட்டனின் பல ஊர்களில், நடுத்தெருவில் நிற்கும் போர் நினைவுத் தூண்களில் '1914 - 1919' என்று செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். போர் 1918-ல்தானே முடிந்தது, தப்பாகச் செதுக்கிவிட்டார்களோ என்று தோன்றும். தப்பில்லை. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28 அன்றுதான். அந்தக் கணக்குப்படி பார்த்தாலும், சாம் இறந்தது அதற்கும் இரண்டு மாதம் கழித்து.